மறு: மறு: வெவ்வேறு கேமராக்களில் ஒரே ஆள் – சொல் வேண்டும்

> ஒரே கேமராவுக்குள் ஆளைப் பின்தொடர்வது, வேறு கேமராவில் அதே ஆளை மீண்டும் கண்டுகொள்வது – இரண்டுக்கும் ‘தடமறிதல்’ (tracking) போதாதா? வெள்ளிக்கிழமை பாடநூல் இயல் அச்சுக்குப் போகிறது.

போதாது ஐயா. ஒரே கேமராவுக்குள் ஆள் சட்டகத்துக்குச் சட்டகம் சில பிக்சல்தான் நகர்கிறார். ஆளைச் சுற்றி வரையும் பழைய பெட்டியும் புதிய பெட்டியும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழும். அது தடமறிதல். அடுத்த கேமரா வரை தடமே கிடையாது. ஆளை மட்டும் வெட்டியெடுத்து, 256×128 பிக்சல் அளவாக்கி, செயற்கை நரம்பு வலையில் செலுத்தி, (பெரும்பாலும்) 2048 எண்கள் கொண்ட திசையனாக்கி, மற்ற கேமராக்களின் திசையன்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறோம். இதற்கு ‘மீளடையாளங்காணல்’ (re-identification) என்பேன்.

---

> மீளடையாளங்காணல்

மறுக்கிறேன். அடையாளங்காணல் என்றால் இன்னார் எனச் சொல்வது. இது பெயர் சொல்லாது; அங்கு வந்தவரும் இங்கு வந்தவரும் ஒருவரே என்று மட்டும் சொல்லும். முகம் தெளியாத சிறு படத்தில் உடை, உடல்வாகு, தோள்பை இவைதான் ஆதாரம். சங்கப் பாடலில், உடன்போக்காகக் காதலனோடு சென்றுவிட்ட மகளைத் தேடும் செவிலியும் எதிர்ப்பட்டோரிடம் ‘இத்தகைய இருவரைக் கண்டீரோ’ என்றுதான் கேட்கிறாள், பெயர் சொல்வதில்லை. ஆகவே ‘ஆளொப்பறிதல்’.

தலைப்பில் ‘கவியாப் புலக் கேமராக்கள்’ என வையுங்கள்; பார்வைப் புலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாத கேமராக்கள் என்று பொருள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும்.

---

செவிலி உவமை அழகு. ஆனால் ‘கவியா’ என்றதும் மாணவர் கவிதையை நினைப்பார். ‘பார்வை மேற்படியாத’ போதும். அதையும் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்: இந்த வேலையைச் சோதிக்கப் பயன்படும் மார்க்கெட்-1501 தரவுத்தொகுதியின் 6 கேமராக்களில் புலங்கள் ஓரளவு மேற்படுகின்றன, செய்யும் வேலை அதேதான்.

சொல்லைவிட இயலில் விடுபட்டவை கவலை தருகின்றன. ஒரு கேமராவில் நீலச் சட்டை, வெண்சமநிலை (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மாறினால் மற்றதில் சாம்பல். சீருடைக் கூட்டத்தில் உருவ ஒப்பீடு கைவிடும். அப்போது நடைநேரம்தான் துணை: இரு கேமராக்களுக்கிடையே 40 முதல் 90 நொடி ஆகுமென்றால், 5 நொடியில் தோன்றியவரை நீக்கிவிடலாம். கேமராக் கடிகாரங்கள் பிசகியிருந்தால் இந்த வடிகட்டியே சரியான ஆளைத் தள்ளிவிடும். முதலில் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

---

அந்த வரியைச் சேர்த்தாயிற்று. கேமராவுக்குப் ‘படப்பதிவி’ என்ற சொல் வேண்டாம், ‘கேமரா’வே இருக்கட்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம். மீளடையாளங்காணலுக்கு நால்வர், ஆளொப்பறிதலுக்கு இருவர். முன்னதை அச்சுக்கு அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள். ‘பெயரறிதல் அன்று’ என்று அடிக்குறிப்பாவது போடுங்கள் அம்மா. அது இல்லாவிட்டால் மாணவர் இதை முகமறிதல் என்றே தேர்வில் எழுதுவார்.