ஓடக்குள்ள வெட்டி வெட்டி நிக்குது, கராஜில விட்டா ஒரு குறையும் இல்ல – கொரோலா டீசல், 2சி எஞ்சின்

களுதாவளை டீச்சர் எழுதியது:

டீசல் கார் பற்றித் தெரிஞ்சவங்க கொஞ்சம் நேரம் எடுத்து வாசிச்சுச் சொல்லுங்க.

கார் டொயோட்டா கொரோலா வேகன், 2சி எஞ்சின், 1974 சிசி, மெனுவல் கியர். அப்பாட கார். அவர் இருந்த காலத்தில ஒயில், பில்டர், பெல்ட் எல்லாம் நேரத்துக்கு மாத்தினவர், வேற ஒண்டிலயும் கை வச்சதில்ல. இப்ப நான்தான் ஓடுறன். வீடு களுதாவளை, படிப்பிக்கிறது மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரையில. மண்முனைப் பாலத்தால திரும்பி, கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால உள்ளுக்குப் போகணும். கடைசித் துண்டு கிறவல் றோட்டு. வழியில ஏறுற டீச்சர்மாரும் என்னோடதான் வாறவங்க. கார் நிண்டா ஒரு வகுப்பு இல்ல, நாலு வகுப்புப் பிள்ளைகள் சும்மா இருக்கும்.

குறை இதுதான். நல்லா ஓடிக்கொண்டிருக்கும். திடீரெண்டு ரெண்டு மூணு தரம் வெட்டும், அக்சிலேட்டர மிதிச்சாலும் இழுவை இருக்காது, பிறகு நிண்டிரும். ஓரமா உருட்டி எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு, நீளமா ஸ்டார்ட் அடிச்சா வெள்ளைப் புகையோட எடுபடும். எடுபட்டா ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடும். சில கிழமையில ஒருக்காவும் வராது. சில நாள் போகக்குள்ளயும் வரக்குள்ளயும் வரும்.

நான் கவனிச்ச வரைக்கும், காத்தான்குடி, டவுன் எண்டு மெயின் றோட்டால போய் வந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. கிறவல் றோட்டிலதான் கூட. டாங்கி நிறைய அடிச்ச கிழமை நல்லா ஓடுது, முள்ளு பாதிக்குக் கீழ இறங்கினாப் பிறகுதான் தொடங்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கோ தெரியா, அதையும் சொல்லி வைக்கிறன். சூடு ஏறுறதில்ல. நிக்கிற இடத்தில நிலத்தில டீசல் சொட்டும் இல்ல.

பில்டர் மாத்தியாச்சு. ஒரு கராஜில ரெண்டு நாள் விட்டன், அங்க ஒருக்காவும் நிக்கல்ல. டீசல் பம்பக் கழட்டிச் செய்யணும் எண்டாங்க. இன்னொரு இடத்தில சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நோசில் நாலும் மாத்தணும் எண்டாங்க. ரெண்டு பேரும் சொன்ன காசு என்ட சம்பளத்துக்குப் பெரிசு. செய்யத்தான் வேணும் எண்டா கடன் பட்டாவது செய்வன். ஆனா குறை அதுதான் எண்டு ஆராவது எனக்குக் காட்டணும்.

போன மாசம் அம்மாவை பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய் மகாஓயாவால திரும்பி வரக்குள்ள, புல்லுமலைக்குக் கிட்ட பொழுதுபட்ட நேரம் நிண்டிட்டு. அது யானை வாற இடம். பின் சீட்டில அம்மா சத்தம் போடாமத் தேவாரம் சொல்லிக்கொண்டு இருக்கிறா, நான் சாவியப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். அதுக்குப் பிறகு இந்தக் குறையக் கண்டுபிடிக்காமத் தூர ஓட்டம் போறதில்ல எண்டு இருக்கிறன்.

அக்கரைப்பற்று விகோ எழுதியது:

டீச்சர், என்ட ஹைலக்ஸ் விகோவும் இப்பிடித்தான் நடு றோட்டில நிண்டது. ஸ்கானர் போட்டா ரெயில் பிரஷர் குறைவு எண்டு கோட் வந்தது. டீசல் பம்பில இருக்கிற சக்ஷன் கன்ட்ரோல் வால்வ மாத்தினதும் சரி. முதல்ல ஒரு இடத்தில ஸ்கானர் போட்டுப் பாருங்க, கண்ணை மூடிக்கொண்டு ஒண்டையும் மாத்தாதீங்க.

கல்முனை பம்ப்காரர் எழுதியது:

மகள், பம்பக் கழட்ட விடாதீங்க. இப்ப வேணாம்.

நான் வாழ்நாள் முழுக்க டீசல் பம்ப், நோசில் வேலைதான் செஞ்சவன். எங்கட மேசைக்கு வந்த பம்புகள்ல நல்ல பம்பும் கிடந்தது, குறை காருக்குள்ள இரிக்கும். 2சில பம்பையும் டைமிங் பெல்ட்தான் சுத்துது. பம்பக் கழட்டினா பெல்ட், அடையாளம், பம்ப் டைமிங் எல்லாத்தையும் திரும்ப வைக்கணும். அதுல பிழை விட்டா இல்லாத குறையும் வந்து சேரும். நோசில் கெட்டா ஒரு சிலிண்டர் தட்டும், புகைக்கும், ஐடில் ஆடும். நாலு நோசிலும் ஒரே நேரம் கெட்டு, கொஞ்ச நேரத்துல நாலும் ஒண்டாச் சுகமாகாது.

விகோ தம்பி சொன்னது அவர்ர எஞ்சினுக்குச் சரி, அது கொமன் ரெயில், ரெயில் எண்ட ஒரே பைப்புல டீசல அமுக்கி வச்சு, கொம்பியூட்டர் கணக்கில எல்லா நோசிலுக்கும் விடுற வகை. உங்கட காருல ரெயிலும் இல்ல, ஸ்கானர் குத்த இடமும் இல்ல. வீ.ஈ. வகைப் பம்ப், முழுக்க மெக்கானிக்கல். எஞ்சின நிப்பாட்டக்கூடிய கரண்ட் சாமான் அதுல ஒண்டுதான், பம்பிட தலையில இரிக்கிற கட் சொலனொயிட். சாவியத் திறந்தா 12 வோல்ட் வந்து உள்ள இரிக்கிற ஊசியத் தூக்கிப் பிடிக்கும். கரண்ட் போனா ஸ்பிரிங் ஊசிய இறக்கி டீசல மூடிரும்.

அதனால கேள்வி ஒண்டுதான். நிக்கிற அந்த நேரத்துல இல்லாமப் போறது கரண்டா, டீசலா? கராஜில நிக்காத கார கராஜில வச்சுப் பார்த்துப் பலனில்ல. றோட்டுல நிக்கக்குள்ள கார் தன்ட வாயால சொல்லுற மாதிரி ரெண்டு சாமான் பூட்டுங்க. ரெண்டுக்கும் செலவு கொஞ்சம்தான்.

முதலாவது பல்ப். 12 வோல்ட் சின்னப் பல்ப் ஒண்டு எடுத்து, ஒரு வயர சொலனொயிட்டுக்கு வாற வயரோட சேர்த்து, நடுவுல சின்னப் பியூஸ் ஒண்டு போட்டு, உள்ளுக்குக் கொண்டு வாங்க. மற்ற வயர் பொடியில. கண்ணுக்கு நேர ஒட்டி வைங்க. சாவி போட்டதும் பத்தும், ஓடுற நேரம் முழுக்கப் பத்திக்கொண்டே இரிக்கணும். எஞ்சின் வெட்டக்குள்ள பல்பும் அணைஞ்சா வயர், பியூஸ், சாவி சுவிச் எண்டு தேடுங்க. நிண்டாப் பிறகு சாவியத் தொடாம டாஷ்போர்ட்டையும் பாருங்க. ஒயில் லைட்டும் பற்றறி லைட்டும் பத்தாம இரிந்தா சாவி சுவிச்சிலதான் சந்தேகம்.

ரெண்டாவது, கண்ணாடி மாதிரித் தெரியிற பிளாஸ்டிக் ஹோஸ். பில்டர்ல இருந்து பம்புக்குப் போற கறுப்பு ஹோஸக் கழட்டிட்டு அதுக்குப் பதிலா இதப் போட்டு, ரெண்டு பக்கமும் கிளிப் இறுக்குங்க. பொனட்டத் திறந்தா உள்ள ஓடுற டீசல் தெரியும். குமிழி வரக்கூடா.

என்ட மனசு ரெண்டாவதுலதான் நிக்குது. சொலனொயிட்டுக்குக் கரண்ட் வராமப் போனா எஞ்சின் சாவி மூடின மாதிரிச் சடாரெண்டு நிக்கும். உங்கட கார் வெட்டி வெட்டி, இழுவை குறைஞ்சு நிக்குது. எடுபடக்குள்ள நீளமா ஸ்டார்ட் அடிக்கணும், வெள்ளைப் புகை. அது காத்து கலந்த டீசல். டாங்கி பாதிக்குக் கீழ எண்டு சொன்னீங்களே, அத விட்டுராதீங்க. நீங்க எழுதினதுல எனக்குப் பெரிய துப்பு அதுதான்.

இந்தக் காருல டாங்கியில இருந்து டீசலத் தள்ளுற பம்ப் இல்ல. முன்னால இரிக்கிற பம்ப்தான் பின்னால இரிந்து உறிஞ்சி எடுக்குது. அப்ப டாங்கிக்கும் பம்புக்கும் இடையில எங்கயும் ஓட்டை இரிந்தா, ஓடக்குள்ள டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். நிலத்துல சொட்டு இல்ல எண்டதால லைன் சரியெண்டு நினைக்க ஏலா. டாங்கி நிறைஞ்சா உறிஞ்சுறது லேசு, காத்துக் குறைவாப் போகும். டீசல் இறங்க இறங்க உறிஞ்சுற இழுவை கூடும், காத்தும் கூடும். கிறவல்ல பைப் ஆடினா ஓட்டையும் திறந்து மூடும்.

அப்பிடியெண்டா ஏன் எப்பவும் நிக்கல்ல? சின்னச் சின்னக் குமிழி பில்டர்ட தலையில சேர்ந்துகொண்டே இரிக்கும். அதுவரைக்கும் எஞ்சினுக்கு ஒண்டும் தெரியா. சேர்ந்தது ஒரே மொத்தமா பம்புக்குள்ள போற நேரம்தான் நிக்கிறது.

நிண்டவுடன பில்டருக்கு மேல இரிக்கிற கைப்பம்ப அமத்திப் பாருங்க. கையத் தாங்காமச் சொதசொதெண்டு போனா காத்து. அமத்தினது மேல எழும்பாம ஒட்டிக்கொண்டு நிண்டா டாங்கிப் பக்கம் அடைப்பு.

இன்னொண்டு, இதக் கட்டாயம் மனசுல வைங்க. இந்த எஞ்சினில பிரேக்குக்கு வெக்கியூம் குடுக்கிற பம்ப் ஒல்டனேட்டர்ட பின்னால இரிக்கி. எஞ்சின் நிண்டா அதுவும் நிண்டிரும். ஒண்டு ரெண்டு மிதிக்குத்தான் பிரேக் மிருதுவா இரிக்கும், பிறகு கல்லு. ஸ்டியரிங்கும் பாரமாகும். நிக்கப்போகுது எண்டு தெரிஞ்சா பிரேக்க விட்டு விட்டு மிதிக்காம ஒரே மிதியில ஓரத்துக்கு எடுங்க. நோசில் பைப்ப ஆரும் லூஸ் பண்ணி ஸ்டார்ட் அடிக்கக்குள்ள கையக் கிட்டக் கொண்டு போகாதீங்க. அந்த அமுக்கத்துல வாற டீசல் தோலத் துளைச்சு உள்ள போகும், ஆசுபத்திரி வேலை.

2022ல டீசல் வரிசைக் காலத்துல கார் கனநாள் நிண்டதா? அப்பிடியெண்டா டாங்கிக்குள்ள துருவும் பிடிச்சிரிக்கலாம், அதையும் சொல்லுங்க.

களுதாவளை டீச்சர் எழுதியது:

காக்கா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுற எண்டு தெரியா. ஆறுதலா இருந்து எழுதியிருக்கிறீங்க, திரும்பத் திரும்ப வாசிச்சன். ஓம், 2022ல மாசக்கணக்கா டாங்கியில கொஞ்ச டீசலோட வீட்டிலதான் நிண்டது.

பக்கத்து வீட்டுத் தம்பி வயரிங் வேலை செய்யிறவன், அவன் பல்பப் பூட்டித் தந்தான். ஹோஸ் மட்டக்களப்பில வாங்கினன். வேணுமெண்டே டாங்கி குறையும் வரைக்கும் டீசல் அடிக்காம ஓடினன். செவ்வாய்க்கிழமை கிறவல் றோட்டில வெட்டத் தொடங்கினது. பல்ப் ஒருக்காவும் அணையல்ல. ஒயில் லைட், பற்றறி லைட் ரெண்டும் பத்தினது. இறங்கிப் பொனட்டத் திறந்து பார்த்தா, ஹோஸிட மேல் வளைவில விரல் அகலத்துக்கு டீசலே இல்ல, வெறும் காத்து. கைப்பம்ப் நீங்க சொன்ன மாதிரியே சொதசொதெண்டு போனது. அத அமத்த அமத்த கடுகளவு குமிழிகள் வரிசையா ஓடி வந்தது. கண்ணால கண்டாப் பிறகுதான் மனசு ஆறினது.

இனிக் காத்து எந்த இடத்தால போகுது எண்டு எப்பிடிப் பிடிக்கிற? லைன் முழுக்க அடியாலதான் போகுது.

கல்முனை பம்ப்காரர் எழுதியது:

நல்லது மகள். உங்கட பம்ப் தப்பிட்டு.

இனி லைனப் பாதி பாதியாப் பிரிச்சுச் சோதிச்சுப் பாருங்க. ஒரு கேனில சுத்தமான டீசல் எடுத்து, பொனட்டுக்குள்ள சைலன்சர் பைப்புக்குத் தூரமா நல்லாக் கட்டி, பில்டருக்கு வாற ஹோஸக் கேனுக்குள்ள விடுங்க. மிஞ்சின டீசலத் திருப்பி டாங்கிக்கு அனுப்புற ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்கு விடுங்க, இல்லாட்டி கேன் கெதியாக் காலியாகும். றோட்டுக்கு எடுக்க வேணாம், வளவுக்குள்ளயே நிப்பாட்டி வச்சு ரேஸ் பண்ணிப் பார்த்தாப் போதும். குமிழி வாறது நிண்டா பில்டரும் கைப்பம்பும் நல்லம், ஓட்டை பின்னால. நிக்காட்டி பில்டர்ட தலை, கைப்பம்பிட வாசர்.

பின்னாலயெண்டா அடியில பைப்பப் பிடிக்கிற ஒவ்வொரு கிளிப்பையும் கழட்டிப் பாருங்க. வெளிய தெரியிற துண்டு நல்லா இரிக்கும். கிளிப்புக்கு அடியிலதான் உப்புக்காத்தும் மணலும் ஈரமும் தங்கி இரும்பத் திங்கும். கடலோரத்துல நிக்கிற காருகள்ல நான் முதல்ல பார்க்கிற இடம் அது.

வாழைச்சேனை லைன் பாஸ் எழுதியது:

காக்கா சொன்னதோட ஒரு சொல்லு. பைப் ஓட்டையெண்டா எம்-சீல் பசை பூசி விடாதீங்க, உறிஞ்சுற லைன்ல அது நிக்காது. செம்புக் குழாயும் போட விடாதீங்க. வளைக்க லேசு எண்டு போடுறாங்க, ஆனா செம்பு பட்டா டீசல் கெதியாக் கெட்டுப் பிசின் கட்டும். இரும்புப் பைப்தான் போடணும். ஹோஸ் ஏறுற முனைய லேசா விரிச்சு விட்டா கிளிப் நல்லாப் பிடிக்கும். டாங்கிக்குக் கிட்ட வெல்டிங் எண்டு ஆரும் சொன்னா கார எடுத்துக்கொண்டு வந்திருங்க.

களுதாவளை டீச்சர் எழுதியது:

கேனில ஓடவிட்டா குமிழி இல்ல. அப்ப கார ஏத்தி வச்சுப் பார்த்தம். பின் சில்லுக்குக் கிட்ட ஒரு கிளிப், அதச் சுத்தி மட்டும் தூசி ஈரமா, கறுப்பா, களி மாதிரிப் பிடிச்சிருந்தது. மற்றக் கிளிப்பெல்லாம் காய்ஞ்ச தூசி. கழட்டினா ரப்பருக்கு அடியில பைப் துரு பிடிச்சுப் பொருக்கு எழும்பிக் கிடக்கு. நகத்தால சுரண்டின இடத்தில குண்டூசி முனையளவு ஓட்டை தெரிஞ்சது. டாங்கி நிறைஞ்ச நாளில கசிஞ்ச டீசலத்தான் தூசி குடிச்சிருக்கு, அதுதான் நிலத்தில சொட்டே விழல்ல.

டாங்கியையும் இறக்கினம். அடியில துருத்தூள், உறிஞ்சுற குழாயிட முனைச் சல்லடையில பிசின் மாதிரி ஒரு படலம். கழுவிக் காயவிட்டு, புது இரும்புப் பைப் போட்டாச்சு. முள்ளு சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட வரும்வரை கிறவல் றோட்டில ஓடினன், ஹோஸில ஒரு குமிழியும் இல்ல. அந்தப் பிளாஸ்டிக் ஹோஸ அப்பிடியே விடலாமா காக்கா?

கல்முனை பம்ப்காரர் எழுதியது:

விட வேணாம். டீசலும் எஞ்சின் சூடும் பட்டு அது கல்லாகி வெடிக்கும், திரும்பவும் காத்து இழுக்கும். டீசலுக்கெண்டு வாற நல்ல ஹோஸ் ஒண்டு வாங்கிப் போடுங்க, கிளிப்பும் புதுசா. டாங்கி கழுவினதால மிஞ்சின தூள் வந்து பில்டர்ல சேரும், அதனால ஒரு மாசம் போனாப் பிறகு பில்டர இன்னொருக்கா மாத்துங்க. டாங்கி மூடியையும் பாருங்க, ஓடிட்டு வந்து திறக்கக்குள்ள புஸ்ஸெண்டு காத்து உள்ள இழுத்தா மூடியிட துவாரம் அடைப்பு, அதுவும் உறிஞ்சுற இழுவையக் கூட்டும். பல்ப் கிடக்கட்டும், அது ஆருக்கும் இடைஞ்சல் இல்ல.