ஆங்கிலத்தில் கமா எங்கே போடுவது? மேலாளர் 17 இடத்தில் வட்டம் போட்டுவிட்டார்

வரிக்குதிரை:
வணக்கம். வேலைக்காக மாதம் ஒரு அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. போன வாரம் எழுதியதை மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டே பக்கம், அதில் 17 இடத்தில் சிவப்பு வட்டம். சில இடத்தில் "கமாவை எடு", சில இடத்தில் "கமா போடு". காரணம் ஒன்றுக்கும் எழுதவில்லை.

பள்ளியில் "படிக்கும்போது மூச்சு விடுகிற இடத்தில் கமா" என்று சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை வருடமாக அப்படித்தான் போட்டு வருகிறேன். இலக்கணம் திருத்தும் மென்பொருளிலும் ஓட்டிப் பார்த்தேன். வட்டம் போட்டதில் பாதியை அது கண்டுகொள்ளவே இல்லை. மாதிரிக்கு நான்கு:

"தி ரிப்போர்ட் வாஸ் லேட், வீ மிஸ்ட் தி மீட்டிங்."
"தி டேட்டா கலெக்டட் ஃப்ரம் ஆல் தி டீம்ஸ், இஸ் இன்கம்ப்ளீட்."
"ஐ செக்ட் தி ஃபைல், அண்ட் சென்ட் இட்."
"தி டெஸ்ட் ஃபெயில்ட், ஹவெவர் வீ கண்டின்யூட்."

நான்கிலும் என்ன தப்பு?

மழைக்காகிதம்:
சத்தமாகப் படித்துப் பாருங்கள், தானாகவே தெரிந்துவிடும்.

வரிக்குதிரை:
சத்தமாகப் படித்துத்தான் அந்தப் பதினேழும் வந்தது!

பழைய புரூஃப்காரன்:
உங்கள் ஆசிரியர் சொன்னது பொய் இல்லை, ரொம்பப் பழசு. அலெக்ஸாண்ட்ரியாவில் கிறிஸ்து பிறப்பதற்கு 200 வருடம் முன்பு புள்ளி வைக்க ஆரம்பித்ததே வாய்விட்டுப் படிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டத்தான். இன்றைய ஆங்கிலத்தில் கமா வாக்கியத்தின் கட்டுமானத்தைக் காட்டுகிறது. மூச்சும் கட்டுமானமும் பல சமயம் ஒரே இடத்தில் விழும். விழாத இடங்களில்தான் உங்களுக்கு வட்டம் விழுந்திருக்கிறது.

முதல் வாக்கியம். நாம் தமிழில் யோசித்து எழுதுவதால் வருகிற தப்பு இது. "அறிக்கை தாமதமாகி, கூட்டத்தைத் தவறவிட்டோம்" என்னும்போது முற்றுவினை ஒன்றுதான், "தாமதமாகி" வெறும் எச்சம். அதனால் நடுவில் கமா போதும். ஆங்கிலத்தில் நீங்கள் எழுதியதில் "வாஸ்", "மிஸ்ட்" இரண்டுமே முற்று. இரண்டு முழு வாக்கியத்தைச் சேர்த்துக் கட்டுகிற பலம் கமாவுக்குக் கிடையாது. சோதனை சுலபம்: கமா இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக நின்றால் வெறும் கமா போதாது. கமாவோடு "ஸோ" சேர்க்கலாம், அரைப்புள்ளி வைக்கலாம், அல்லது பேசாமல் இரண்டு வாக்கியமாக்கிவிடலாம்.

நான்காவதும் அதே நோய்தான். "பட்" போல "ஹவெவர்" இரண்டு வாக்கியத்தை இணைக்கும் என்று நினைக்கிறோம், இணைக்காது. "ஃபெயில்ட்" என்பதற்குப் பின் அரைப்புள்ளி, "ஹவெவர்" என்பதற்குப் பின் கமா.

இரண்டாவதில் எழுவாய் நீளமாக இருந்ததால் மூச்சு வாங்கிவிட்டீர்கள். தமிழில் அப்படிப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக் கூடாது, எழுவாய் எத்தனை நீளமானாலும் சரி. மூன்றாவதில் செய்தவர் ஒருவர், செய்த வேலை இரண்டு, "அண்ட்" போதும். "அண்ட் ஐ சென்ட் இட்" என்று எழுவாயைத் திரும்பச் சொன்னால் கமா வரும்.

வரிக்குதிரை:
ஐயா, முற்றுப்புள்ளி சோதனையிலேயே ஒன்பது வட்டம் தீர்ந்துவிட்டது. ஆனால் இதில் கமா போடச் சொல்லியிருக்கிறார், ஏன் என்று புரியவில்லை: "தி சர்வர் விச் வீ பாட் லாஸ்ட் இயர் இஸ் ஸ்லோ."

நடுப்பக்கம்:
உங்களிடம் சர்வர் எத்தனை?

வரிக்குதிரை:
ஒன்றுதான். அதற்கும் கமாவுக்கும் என்ன சம்பந்தம்?

நடுப்பக்கம்:
எல்லாச் சம்பந்தமும் அங்கேதான். "போன வருடம் வாங்கிய சர்வர் மெதுவாக ஓடுகிறது" என்று தமிழில் சொன்னால், இருப்பதே ஒன்றா, பலவற்றில் போன வருடம் வாங்கியதை மட்டும் சொல்கிறோமா என்று தெரியாது. பெயரெச்சம் இரண்டுக்கும் பொது. ஆங்கிலம் இந்த வித்தியாசத்தைக் கமாவில் வைத்திருக்கிறது. இருப்பது ஒன்று என்றால் "வாங்கிய" சங்கதி கூடுதல் தகவல். "சர்வர்" என்பதற்குப் பின் ஒரு கமா, "இயர்" என்பதற்குப் பின் ஒரு கமா. பலவற்றில் எது என்று அடையாளம் காட்டினால் கமாவே கூடாது. அப்போது "விச்" என்பதைவிட "தட்" நன்றாக இருக்கும். கமா போடுவதானால் இரண்டும் போட வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விடுவது அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போவது மாதிரி.

மழைக்காகிதம்:
பட்டியலில் கடைசி "அண்ட்" முன்னால் கமா உண்டா இல்லையா? அதையும் சொல்லிவிடுங்கள், எனக்கும் ரொம்ப நாள் சந்தேகம்.

பழைய புரூஃப்காரன்:
அது ஆக்ஸ்ஃபோர்டு கமா. அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் உண்டு, பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் பெரும்பாலும் இல்லை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். பொருள் குழம்புகிற இடத்தில் மட்டும் கண்டிப்பாகப் போடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இது நீதிமன்றம் வரை போனது. கூடுதல் நேரச் சம்பளம் யார் யாருக்குக் கிடையாது என்ற சட்டத்தில், ஒரு பட்டியலின் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று இருந்தது. "ஆர்" முன்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதா? பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள்: நாங்கள் பொட்டலம் கட்டவில்லை, வண்டி ஓட்டுகிறோம். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அப்புறம் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலில் அரைப்புள்ளிகளாகப் போட்டுவிட்டார்கள்!

வரிக்குதிரை:
இப்போது மிச்சம் இரண்டு. "வென் வீ ஸ்டாப்ட் தி சர்வர் ரீஸ்டார்ட்டட்." இன்னொன்று, "வீ டிட் நாட் ஸ்டாப் பிகாஸ் ஆஃப் தி எரர்." இரண்டாவதில் கமா இல்லை, ஆனாலும் பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

நடுப்பக்கம்:
முதலாவதில் யார் எதை நிறுத்தினார்கள்? படிப்பவர் "சர்வரை நிறுத்தினோம்" என்று போய், முட்டிக்கொண்டு திரும்பி வருவார். "வென்", "இஃப்", "ஆஃப்டர்" என்று தொடங்கும் பகுதி முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

இரண்டாவது பொல்லாதது. நிறுத்தவே இல்லையா? நிறுத்தினீர்கள், ஆனால் காரணம் அந்தப் பிழை இல்லையா? "ஸ்டாப்" என்பதற்குப் பின் கமா வைத்தால் முதல் பொருள் வரும். ஆனாலும் அதை நம்ப வேண்டாம், வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள். கமாவை மட்டும் நம்பி நிற்கிற வாக்கியம் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

வரிக்குதிரை:
மாற்றி எழுதி நேற்று அனுப்பினேன். ஒரு வட்டம்கூட இல்லை, எல்லோருக்கும் நன்றி! மேலாளரின் பதில் ஒரே வரி: "இட் லுக்ஸ் குட் நௌ, ஐ வில் ஃபார்வர்ட் இட்."

கமா இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிற்கிறது. சொல்லலாமா?

பழைய புரூஃப்காரன்:
சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரட்டும்.