ஆம்பளைக்கு எதுக்குடா இவ்ளோ முடி? – பார்த்ததும் கேட்டதும்

நீள முடி வளர்க்கிற ஆம்பளைங்களைப் பத்தி அஞ்சு பேர், அவங்கவங்க புனைபெயர்ல:

கத்திரிக்காரன்
கல்யாண வீட்டுல பந்திக்கு முன்னாடி பூ கொடுத்துக்கிட்டு வந்த பெரியம்மா, கொண்டை போட்டிருந்த பையன்கிட்ட நின்னு "உனக்கும் ஒரு முழம் வைக்கட்டுமாப்பா?"ன்னு கேட்டிருக்காங்க. மண்டபமே சிரிச்சிருக்கு. மறுநாள் கடைக்கு வந்து "எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணே"ன்னு உட்கார்ந்தான்.

நிறையப் பேர் கொண்டை வரைக்கும்கூட வர்றதில்லை, பாதி வளர்ந்த கட்டத்துலயே வெட்டிக்கிறாங்க. முடி மாசத்துக்கு அரை அங்குலம், எல்லாப் பக்கமும் ஒரே வேகத்துலதான் வளரும். அதனால காதுக்கு மேல காளானாட்டம் உப்பும், பிடரி சட்டைக் காலர்ல சுருளும், உச்சி மட்டும் கட்ட எட்டாது. ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா காதோரம், பிடரி மட்டும் எடுக்கணும். முன்முடி மூக்கைத் தாண்டுற வரைக்கும் மேல கத்திரி படக்கூடாது. துணியைப் போர்த்துறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லிடுங்க. "அடர்த்தி குறைங்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. பல் கத்திரியில நறுக்கின குட்டை முடியெல்லாம் ரெண்டு மாசத்துல கொண்டையிலிருந்து குத்திக்கிட்டு நிக்கும்.

திண்டுக்கல் பூட்டு
வீட்டுல ஒரே வார்த்தை, "பழனிக்கு நேர்ந்திருக்கேன்." எந்த மாமாவும் வாயைத் திறக்க மாட்டார். எதிர்வீட்டுப் பையன் இதைத்தான் சொன்னான். அவங்கம்மா கார்த்திகைக்கு வேனே பேசிட்டாங்க. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

முன்குடுமி
பூட்டு, சாமி பேரைச் சொல்லிப் பொய் எதுக்கு? இந்த ஊர்ல ஆம்பளைங்க குடுமி வெச்சிருந்தது நேத்தைய கதை. கணித மேதை ராமானுஜன் 1914-ல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறப் போறப்பதான் குடுமியை எடுத்தார். சிதம்பரம் தீட்சிதர்கள் இன்னிக்கும் முன்குடுமியோடதான் இருக்காங்க. 'கிராப்பு'தான் ஆம்பளைத்தனம்னு நினைக்கிற தாத்தாவோட தாத்தா படத்தைத் தேடி எடுத்துக் காட்டுங்க, போதும்.

அந்தக் காலத்துப் பக்குவம்தான் நமக்கு வர்றதில்லை. குளிக்கிற சோப்பையே தலைக்கும் போடுறோம். போர் தண்ணியில சோப்பு திரிஞ்சு முடியில வெள்ளையா ஒட்டிக்கும், சீப்பு இறங்காது. ஒண்ணு ஷாம்பு போடுங்க. இல்லை, சீயக்காய்த் தூளைச் சோறு வடிச்ச கஞ்சியில கரைச்சுத் துணியில வடிகட்டிப் போடுங்க. வடிகட்டலைன்னா அந்தத் தூள் மண்டையில உட்கார்ந்துக்கும், பார்க்கிறவங்க பொடுகுன்னுவாங்க. சிக்கு எடுக்கிறப்ப பெரிய பல் சீப்பால நுனியிலிருந்து ஆரம்பிச்சு மேல போகணும். உச்சியிலிருந்து இழுத்தா முடிச்சு இறுகி அறுந்துரும்.

தோல் வார்டு
சோப்பு சீயக்காய் பேச்செல்லாம் இருக்கட்டும். ஒரு அப்பா, குளியலறைச் சல்லடையில சிக்கின முடிப்பந்தை பேப்பர்ல மடிச்சு டாக்டர் மேஜையிலேயே விரிச்சார். "நீங்களே சொல்லுங்க சார், வளர்த்ததாலதானே கொட்டுது?" பையன் தலையை நிமிர்த்தவே இல்லை.

வளர்த்ததால இல்லை. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி யாருக்கும் உதிரும். குட்டை முடி கண்ணுக்குப் படாது. கட்டி வெச்ச முடியில உதிர்ந்தது உள்ளேயே தங்கி, தலைக்குக் குளிக்கிற அன்னிக்கு மொத்தமா வரும். டெங்கு, டைஃபாய்டு வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும், பெரும்பாலும் தானா முளைச்சுரும். காய்ச்சலை மறந்துட்டு முடி மேல பழியைப் போடுவோம். உதிர்ந்த முடியோட அடியைப் பாருங்க: வெள்ளையா சின்னக் குமிழ் இருந்தா வேரோட விழுந்தது. குமிழ் இல்லைன்னா நடுவுல அறுந்தது, அதுக்கு ரப்பர் பேண்டோ ஈரத்துல சீவினதோ காரணமா இருக்கும். பரம்பரை வழுக்கைக்கும் முடி நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நிஜமாப் பயப்பட வேண்டியது இறுக்கிக் கட்டுறதுக்குத்தான். நெத்திப்பொட்டு ஓரத்துல முடி மெலிஞ்சா, சின்னச் சின்னப் பருவா வந்தா, கட்டின இடம் வலிச்சா உடனே தளர்த்துங்க. வருஷக்கணக்கா இழுத்துக் கட்டினா அந்த இடத்துல வேர் செத்துரும், அப்புறம் எந்த எண்ணெயாலும் வராது. துணி சுத்தின பேண்டு போடுங்க, கட்டுற இடத்தைத் தினம் மாத்துங்க, தூங்குறப்ப அவிழ்த்துருங்க.

சுருட்டை
கத்திரிக்காரரே, பல் கத்திரி பத்திச் சொன்னது கோரை முடிக்குச் சரி. சுருட்டை முடியில அடுக்கு இல்லாம விட்டா கீழ்ப்பக்கம் முக்கோணமா விரியும். பல் கத்திரி வேண்டாம்தான், ஆனா சாதாக் கத்திரியில அடுக்கு வெட்டியே ஆகணும், அதுவும் காய்ஞ்ச முடியில. ஈரத்துல அளந்தா, காய்ஞ்சதும் சுருண்டு மேல ஏறிடும்.

ஹெல்மெட்டை யாருமே சொல்லலை. உச்சிக் கொண்டையோட போட்டா ஹெல்மெட் தலையில உட்காராம மேல தூக்கி நிக்கும், விழுந்தா கழண்டுரும். பிடரிக்குக் கீழ தளர்வாப் பின்னி சட்டைக்குள்ள விடுங்க. வெளியே தொங்கினா அரை மணி நேரக் காத்துல சிக்கு விழுந்துரும். ஈரத்தலையில மாட்டாதீங்க, ரெண்டே நாள்ல நாறும்.