மகனையும் சேர்த்து பிஆருக்கு (நிரந்தரவாசத்துக்கு) விண்ணப்பிக்கலாமா? தேசிய சேவையை (கட்டாயப் படைச் சேவையை) நினைத்துத் தயக்கமாக இருக்கிறது

தஞ்சாவூரான், செங்காங்

எல்லோருக்கும் வணக்கம். 2016-இல் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி) சிங்கப்பூர் வந்தேன். இப்போது நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ். கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் பொறியாளராக இருக்கிறேன். மனைவியும் மகனும் குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில் உடன் இருக்கிறார்கள். மகனுக்கு 9 வயது, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் தொடக்கநிலை 3 படிக்கிறான். அவனுக்கு ஊர் என்றால் செங்காங்தான். தஞ்சாவூருக்குப் போனால் ஒரு வாரத்தில் "எப்பப்பா வீட்டுக்குப் போறோம்" என்று கேட்க ஆரம்பித்துவிடுவான்.

இந்த வருடம் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று மனைவி சொல்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் ஊரில் அம்மா, "ஒத்தப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பப் போறியா" என்று போனில் அழுகிறார்கள். வேலையிடத்தில் இரண்டு பேர், "நீங்கள் இருவர் மட்டும் விண்ணப்பியுங்கள், பையனைச் சேர்க்காதீர்கள், பிரச்சினையே இல்லை" என்கிறார்கள். இது சரியான வழியா? பிள்ளையைத் தேசிய சேவைக்கு அனுப்பிய பெற்றோர் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்று. மனைவியின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது. எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. இதற்கு என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் அக்கா

தம்பி, உங்கள் அம்மா கேட்டதைத்தான் என் மாமியாரும் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். வேலை பாஸில் இருந்து நேரடியாக பிஆர் வாங்கும் உங்களுக்குத் தேசிய சேவை கிடையாது. உங்கள் வழியாக பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வரும். 18 வயதிலிருந்து அழைப்பார்கள். தொடக்கக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ படித்துக்கொண்டிருந்தால் அதை முடிக்க விடுவார்கள். முழுநேரச் சேவை இரண்டு வருடம். அதன் பிறகு வேலைக்குப் போனாலும் ஆண்டுதோறும் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், 40 வயது வரை அந்தக் கடமை இருக்கும், அதிகாரி ஆனால் 50 வரை. 13 வயதுக்கு மேல் நீண்ட நாள் வெளிநாட்டில் போய் இருக்க வேண்டுமென்றால் முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

"அப்போது பார்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பிஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றும் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தோடு விண்ணப்பிக்காதீர்கள். சேவை செய்யாமல் பிஆரை விட்டவன் பிறகு இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராகத்தான் நிற்கும். அவன் வளர்ந்த ஊரின் கதவை நாமே சாத்தியது போல் ஆகிவிடும்.

பையனை மட்டும் விட்டுவிட்டு விண்ணப்பிப்பது பற்றி: அவனுடைய டிபென்டன்ட் பாஸ் உங்கள் வேலை பாஸோடு கட்டப்பட்டது. நீங்கள் பிஆர் ஆனதும் அந்த வேலை பாஸ் இருக்காது. அவனுக்குத் தனியாக மாணவர் பாஸோ நீண்டகால வருகை அனுமதியோ வாங்கி, காலாவதி ஆக ஆகப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் வெளிநாட்டு மாணவர் கட்டணமாகவே தொடரும், அது பிஆர் பிள்ளைகளுக்கு உள்ளதை விடப் பல மடங்கு. அப்பாவும் அம்மாவும் இந்த ஊர்க்காரர்கள், பிள்ளை மட்டும் விருந்தாளி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் மகன் சேவையை முடித்துவிட்டான். சேர்ந்த நாளில் நாங்களும் சாங்கியிலிருந்து படகில், அடிப்படைப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் போனோம். பெற்றோரை அழைத்துப் போய்த் தங்கும் இடத்தைக் காட்டுகிறார்கள், பிள்ளைகள் சாப்பிடும் உணவகத்திலேயே நமக்கும் சாப்பாடு போடுகிறார்கள். திரும்பும் படகில் நான் அழுதேன், பக்கத்தில் ஒரு சீன அம்மாவும் அழுதார். முதல் சில வாரங்கள் கடினம், இல்லையென்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு விடமாட்டார்கள், இரவில் கொஞ்ச நேரம்தான் போன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அவன் முகாமுக்குக் கிளம்பும்போது என் வயிறு கலங்கும். ஆனால் அங்கே ஒரே அறையில் இருந்த மலாய்ப் பையனும் சீனப் பையன்களும் இன்றைக்கும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பல்கலைக்கழக இடத்தையும் முன்கூட்டியே உறுதி செய்துவிட்டுத்தான் போனான், அந்த இடம் அவனுக்காகக் காத்திருந்தது.

அதனால் என் கருத்து இதுதான். இங்கேயே வாழப் போகிறீர்கள் என்றால் மூவரும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். ஐந்தாறு வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் பாஸிலேயே இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் மகனிடமும் பேசுங்கள். 9 வயதுப் பிள்ளைக்குப் புரியும். சேவை செய்யப் போவது அவன்தானே.

தெம்பனிஸ் 21

சான்றிதழ் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். என் மனைவிக்கும் இதே நிலைதான்.

பிறப்பு பதிவான நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவர் நேரில் அலைந்தால்தான் நடக்கும். திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம், தாமதமானதற்கு என்ன செய்வது என்று அங்கேயே கேளுங்கள். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் பத்திரமாக இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் இல்லாத சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் நோட்டரி முத்திரை இருக்க வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்று நம் எல்லோருக்கும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாராக வைத்திருங்கள்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாகத்தான். ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கிடைக்காவிட்டால் திரும்ப வராது. உங்கள் நிறுவனம் நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவம் இருக்கிறது, மனிதவளப் பிரிவில் இப்போதே சொல்லி வையுங்கள்.

தஞ்சாவூரான், செங்காங்

அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி. தெம்பனிஸ் நண்பருக்கும் நன்றி. என் மைத்துனன் ஊரில்தான் இருக்கிறான், நகராட்சிக்குப் போகச் சொல்லிவிட்டேன். பிஆர் கிடைத்தால் சம்பளம், வீடு இதெல்லாம் எப்படி மாறும்? ஒரு முகவர் கணிசமான தொகை கேட்டு "நிச்சயம் வாங்கித் தருகிறேன்" என்கிறார், அதையும் சொல்லுங்கள்.

பாசிர் ரிஸ் கணக்கர்

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவு ஐசிஏ (குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம்) கையில், மறுத்தால் காரணமும் சொல்ல மாட்டார்கள். எத்தனை காலம் இங்கே இருக்கிறீர்கள், குடும்பம், படிப்பு, வயது, வருமானம், இந்தச் சமூகத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்தப் பணத்தை முகவரிடம் கொடுக்காதீர்கள், உங்கள் படிவத்தை உங்களை விட நன்றாக யாரும் நிரப்பப் போவதில்லை.

சம்பளத்தில் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பிடித்தம் தொடங்கும். உங்கள் வயதுக்கு முதல் வருடம் உங்கள் பங்கு 5 விழுக்காடு, முதலாளி 4. இரண்டாம் வருடம் 15, 9. மூன்றாம் வருடத்திலிருந்து 20, 17. பணம் உங்களுடையதுதான், ஆனால் மாதக் கையிருப்பு நன்றாகக் குறையும். ஊருக்கு அனுப்பும் தொகையை இப்போதே அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் மறுவிற்பனை வீடு மட்டும்தான். அதுவும் நீங்கள் இருவரும் பிஆர் ஆகி 3 வருடம் கழித்து. புளோக்கில் உங்கள் இனத்தாருக்கான ஒதுக்கீடோ பிஆர்களுக்கான ஒதுக்கீடோ நிரம்பியிருந்தால் அந்த வீடு உங்களுக்குக் கிடைக்காது, விலை பேசும் முன் அதைப் பாருங்கள். தஞ்சாவூரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால் வீவகவிடம் முன்பே சொல்லிக் கேளுங்கள், வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும்.

முடிவு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை மூவரின் பாஸும் பாஸ்போர்ட்டும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வேலை மாறினால் ஐசிஏவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.