60 நாள் தாண்டின மேன்முறையீட்டு மனு: இனி வழி இருக்கா?

கோண்டாவில்வாசி:
வணக்கம். காணிக்குள்ளால போற பாதை வழக்கு. யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் 2025 மார்ச் 3 தீர்ப்பு, எங்களுக்கு எதிராக. மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளுக்குள்ளேயே போட்டாச்சு. மனுவை மே 5 கொண்டுபோக, 60 நாள் முடிஞ்சுது என்று ஏற்கவில்லை. ஞாயிறுகளைக் கழித்துத்தான் எண்ணினோம், இன்னும் நாள் இருக்கு என்றே நினைத்தோம். எங்கட சட்டத்தரணியும் ஏப்ரல் 28 தொடக்கம் மே 3 வரை ஆஸ்பத்திரியில். மாவட்ட நீதிமன்றத்திலேயே பிரேரணை போட்டு நாள் கேட்கலாமா?

வழக்கேடு:
கேட்கிறதில் பிரயோசனமில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 755(3) இல், 60 நாளுக்குள் மனு வராவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்க மறுக்க வேண்டும் என்றே இருக்கு. நீதிபதிக்கு மனமிருந்தாலும் அதிகாரமில்லை.

எண்ணினதில் நடந்த பிழை வழமையானது. அறிவித்தலுக்குரிய 14 நாளில் 754(4) இன்படி தீர்ப்பு நாள், மனுக் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் கழியும். 60 நாளுக்கு ஞாயிறு, விடுமுறைக் கழிவு இல்லை. மார்ச் 4 முதலாம் நாள், மார்ச் 31 க்கு 28, ஏப்ரல் 30 க்கு 58, மே 2 வெள்ளி 60. கடைசி நாளில் கந்தோர் பூட்டியிருந்தால் மட்டும் அடுத்துத் திறக்கிற நாள் செல்லும், அது பொருள்கோடல் சட்டத்தின் 8 ஆம் பிரிவு. மே 1 விடுமுறை, ஆனால் உங்கட கடைசி நாள் அதுவல்ல. தீர்ப்பின் பிரதி கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் இப்படித்தான் மாட்டுப்படுகிறார்கள்.

சிவில்மேசை:
அதே கோவையின் 759(2) ஐப் பலர் சொல்லுவினம். தவறு, விடுபாடு, குறைபாடு இருந்து, எதிர்த்தரப்புக்குப் பாரதூரமான பாதிப்பு இல்லையென்றால் நிவாரணம் கொடுக்கலாம் என்ற பிரிவு அது. பத்திரத்தில் உள்ள குறைகளுக்கு உதவும். 60 நாளைக் கட்டாயமான எல்லையாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுப்பதால், இதை மட்டும் நம்பிப் போகாதேங்கோ.

பார்க்க வேண்டியது 765, காலங்கடந்த மேன்முறையீடு. அது மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்துக்கே நேரே போகும். அங்கே முதலில் கேட்பது, உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் உங்களைத் தடுத்ததா என்பது. பிறகு, மேன்முறையீட்டில் நல்ல விஷயம் இருக்கவும் வேணும், தீர்ப்புக்குப் பிறகு அதைக் குலைத்தால் வென்றவருக்கு அநீதியாகும்படி எதுவும் நடந்திருக்கவும் கூடாது. பாதை ஏற்கெனவே திறந்து கொடுபட்டிருந்தால் இந்த இடத்தில் இடறும்.

கோண்டாவில்வாசி:
அப்ப ஆஸ்பத்திரிக் காரணத்தோடு எண்ணிக்கைப் பிழையையும் சேர்த்து எழுதினால் பலமா?

வழக்கேடு:
இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். ஞாயிறுகளைக் கழித்தால் கடைசி நாள் மே 10 ஐயும் தாண்டும். அப்படி நம்பியிருந்த ஆளை ஏப்ரல் 28 இல் ஆஸ்பத்திரி தடுத்தது எப்படி? எதிர்ச் சட்டத்தரணி எழும்பிக் கேட்கிற முதல் கேள்வி இது. எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கோ, சத்தியக்கடதாசி சத்தியத்துக்குரியது.

எண்ணிக்கைதான் காரணம் என்றால் அது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதல்ல. சட்டத்தரணியின் தவறுதலை நீதிமன்றம் சிலவேளை மன்னிக்கும், கவலையீனத்தைச் சாதாரணமாக மன்னிக்காது. சட்டத்தரணியின் சுகயீனம்தான் உண்மையான காரணம் என்றால், அதைச் சொல்ல வேண்டியவர் அவரே. அவருடைய சொந்தச் சத்தியக்கடதாசி, அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் உள்ள டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரி தரும் நோய்க் குறிப்பு அட்டை), வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி எல்லாம் வேணும். "சுகயீனம், ஓய்வு தேவை" என்ற ஒருவரி மருத்துவச் சான்றிதழ் நிற்காது. இன்னொரு சட்டத்தரணிக்குப் பிறொக்சி (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம்) மாற்ற நேரமிருந்ததா என்பதற்கும் பதில் வைத்திருங்கோ. மே 5 க்குப் பிறகு போன நாட்களுக்கும் விளக்கம் வேணும், அதை ஆட்கள் மறந்துவிடுகினம். சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட இடமும் திகதியும் வெறுமையாக இருந்தால் அதுவே ஒரு ஆட்சேபனை.

சிவில்மேசை:
தீர்ப்பில் எழுவினாக்களுக்கெல்லாம், அதாவது வழக்கில் தீர்க்க வேண்டியதென்று வகுத்த கேள்விகளுக்கெல்லாம், பதில் இருக்கா?

கோண்டாவில்வாசி:
பாதை எத்தனை வருஷமாகப் பாவனையில் இருந்தது என்ற எழுவினாவுக்கு "ஆம்" என்று மட்டும் இருக்கு. காரணம் ஒன்றும் இல்லை.

சிவில்மேசை:
அப்ப மீளாய்வையும் பாருங்கோ, மேன்முறையீடு இல்லாமல் மேல் நீதிமன்றத்திடம் தீர்ப்பைப் பரிசீலிக்கக் கேட்கிற வழி அது. தீர்ப்பில் காரணங்கள் இருக்க வேண்டும் என்பது கோவையின் 187 ஆம் பிரிவு. மீளாய்வுக்கு நாள் எல்லை சட்டத்தில் இல்லை, ஆனால் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். மேன்முறையீட்டு உரிமை இருந்தும் பாவிக்காதவருக்கு விசேட சூழ்நிலை காட்டினால்தான் கதவு திறக்கும். இதைச் சொன்ன ரஸ்டம் எதிர் ஹபங்கம அன் கம்பனி தீர்ப்பை உங்கட சட்டத்தரணி தானாகவே எடுப்பார். "நாள் பிந்திப்போச்சு" என்பது விசேட சூழ்நிலையல்ல. பாதைப் பாவனை பற்றிய முக்கியமான எழுவினாவுக்குக் காரணமே இல்லை என்பதைத்தான் முன்னுக்கு வையுங்கோ. மனுவிலேயே இடைக்காலத் தடையும் கேளுங்கோ, இல்லாவிட்டால் விசாரணைக்கு எடுக்க முன்னமே பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் உத்தியோகத்தர்) வந்து வேலியைப் பிரிச்சுப்போடுவார்.