நாக்கிங்: ‘வெடிப்பு’ வேண்டாம், ‘எரிதட்டல்’ சரிவருமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

இன்ஜினுக்குள் கலவை தாறுமாறாகப் பற்றித் தட்டும் சத்தம் எழுப்புகிற கோளாறுதான் நாக்கிங் (knocking). நம் கலைச்சொல் அட்டவணையில் அதற்கு ‘வெடிப்பு’ என்று நீங்கள் முன்வைத்ததைப் படித்தேன். ஏற்க மனம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினைப் பற்றிச் சொல்லும்போதே ‘உள்ளே பெட்ரோல் வெடிக்கிறது’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். நன்றாக ஓடும் இன்ஜினிலும் வெடிப்பு, பிஸ்டன் ஓட்டையாகப் போகிற இன்ஜினிலும் வெடிப்பு என்றால், படிக்கிறவர் எதை வைத்துப் பிரித்தறிவார்?

உள்ளபடிக்கு, ஒழுங்கான இன்ஜினில் எதுவும் வெடிப்பதில்லை. பிளக்கில் பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவிக்கொண்டே போகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 15 டிகிரி வாக்கில் திரும்பும் நேரம் அழுத்தம் உச்சம் தொட்டால் இழுவை அருமையாக இருக்கும். கோளாறு பிறப்பது தீ இன்னும் எட்டாத ஓரத்துக் கலவையில். பரவி வரும் தீ அதை நெருக்குகிறது, சூடு ஏறுகிறது, தீ வந்து சேருமுன்பே அது தானாக, ஒரே வீச்சில் பற்றிக்கொள்கிறது. அழுத்த அலை சிலிண்டரின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மோதி மோதித் திரும்புகிறது. 86 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்றால் அந்த அதிர்வு 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். காதுக்கு, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல் கேட்கும்.

நம்ம பக்கத்துப் பட்டறைகளில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. “ஏத்தத்துல வண்டி தட்டுதுல்லா, டைமிங்கைக் கொஞ்சம் இறக்கு” என்பார்கள். டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அமுக்கினால், எந்த அகராதியும் இல்லாமலே அந்தச் சொல் புரிந்துவிடும். ஆனால் ‘தட்டல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தாலும் தட்டும். வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் இடைவெளி கூடினாலும் தட்டும். அவை இரும்பு இரும்பில் மோதும் தட்டல். இது எரிதலில் பிறக்கும் தட்டல். ஆகவே ‘எரிதட்டல்’ என்கிறேன்.

‘எரிகின்ற தட்டல் என்றல்லவா பொருள் வரும்’ என்று மதுரை நண்பர் கேட்கக்கூடும். குடிநீர் என்றால் நீரா குடிக்கிறது? வினைத்தொகை அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். எரிபொருள் போலவே இதிலும் ஒற்று மிகாது, வாயிலும் தடுக்காது.

நான் விட்டுக்கொடுக்க முடியாத இடம் இன்னொன்று. பொறி விழுவதற்கு முன்பே பழுக்கக் காய்ந்த பிளக் முனையோ கரித்துகளோ கலவையைப் பற்றவைப்பதை ‘முன்பற்றல்’ என்று தனியே பிரித்தாக வேண்டும். அட்டவணையில் இப்போது இரண்டும் ஒரே வரியில் கிடக்கின்றன. எரிதட்டலுக்கு டைமிங்கைப் பின்தள்ளினால் அடங்கும். முன்பற்றலுக்கு அது உதவாது, ஏனென்றால் அங்கே பற்றவைப்பது பொறியே அல்ல. சூட்டை விரைவாகக் கடத்திவிடும் குளிர்ந்த ரகப் பிளக் போட வேண்டும், கரியை எடுக்க வேண்டும். 12-க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்தில் இன்ஜின் கட்டுகிற பையன் நம் அட்டவணையைப் பார்த்து டைமிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அதற்குள் பிஸ்டன் உருகிவிடும்.

எரிதட்டல் கண்ட இன்ஜினின் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே மினுங்கும் அலுமினியத் துணுக்குகள். அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது. சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டையில் விடியற்காலை டியூன் செய்த மேப்பை (இன்ஜின் கணினியில் பதியும் டைமிங் பட்டியலை) நம்பி, மதியம் 2 மணிக்கு முழு இழுவையில் ஓட்டினால் இது நடக்கலாம். உள்ளே போகும் காற்றின் சூடு ஏற ஏற, எரிதட்டல் தொடங்கும் எல்லையும் கிட்டே வந்துவிடுகிறது.

இதிலிருந்து கிளைக்கும் சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. அந்த அதிர்வை மின் சைகையாக்க இன்ஜின் பிளாக்கில் முடுக்கிய பீசோ சென்சார் ‘எரிதட்டல் உணரி’. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அப்படியே விட்டுவிடலாம். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளப்பது; அந்தப் பெயர் வேதிப்பொருளின் பெயர். விளக்கத்தில் மட்டும் ‘எரிதட்டல் தாங்குதிறன்’ என்று சேர்த்தால் போதும். இந்தியாவில் 2000-ல் ஈய பெட்ரோல் நின்றதையும், இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விப்பதையும் அதே விளக்கத்தில் ஆளுக்கொரு வரியாக எழுதித் தருகிறேன்.

டைமிங்கை ரிட்டார்டு செய்வதற்கு ‘தாமதித்தல்’ என்று போட்டிருக்கிறீர்கள். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘பொறி பின்தள்ளல்’, ‘பொறி முன்தள்ளல்’ என்று இணையாக வைக்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி. இல்லையென்றால் எரிதட்டல், முன்பற்றல் இரண்டையும் தனித்தனி வரியாக அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன்.