பெட் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மாவுக்கு என்ன செய்வார்கள்?

தேனி_மகன்:
அம்மாவுக்கு வயிற்று டயாலிசிஸ் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. தினமும் நான்கு பை திரவத்தை வயிற்றில் ஏற்றி, கொஞ்ச நேரம் வைத்து வடிக்க வேண்டும், நான்தான் மாற்றுகிறேன். போன செக்கப்பில் டாக்டர் சீட்டில் 'பெட்' என்று எழுதி வியாழக்கிழமை வரச் சொன்னார். அதைப் பார்த்த பெரியப்பா, இது கேன்சருக்கு எடுக்கிற ஸ்கேன் ஆயிற்றே என்று சொல்லிவிட, அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்கேன் இல்லை, வயிற்றுச் சவ்வைப் பார்க்கிற டெஸ்ட் என்று நர்ஸ் போனில் சொன்னார், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. வலிக்குமா? ரிசல்ட் மோசமாக வந்தால் டயாலிசிஸையே மாற்றிவிடுவார்களா?

மதுரை_வீட்டுக்காரர்:
தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள், ரத்தம் எடுக்கிற ஊசியைத் தவிர வலி எதுவும் இல்லை. என் மனைவிக்கு இரண்டு முறை செய்திருக்கிறோம். முந்தின இரவு போடுகிற பை 8 முதல் 12 மணி நேரம் வயிற்றில் இருக்க வேண்டும், அதோடு அப்படியே போக வேண்டும். அங்கே உட்கார வைத்து 20 நிமிடம் முழுதாக வடிய விடுவார்கள். அப்புறம் படுக்க வைத்து 2.5 சதவீத சர்க்கரை உள்ள 2 லிட்டர் பையை ஏற்றுவார்கள், ஒவ்வொரு 400 மில்லி உள்ளே போனதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளச் சொல்வார்கள். ஏற்றி முடித்ததும் கொஞ்சம் திரவத்தை வெளியே விட்டு, பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கி, 10 மில்லி சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உள்ளே விடுவார்கள். 2 மணி நேரம் ஆனதும் அதே மாதிரி இன்னொன்று, கூடவே ரத்தம். 4 மணி நேரத்தில் எல்லாவற்றையும் வடித்து அளந்து கடைசி சாம்பிள். நடுவில் நடமாடலாம்.

எங்களுக்கு முதல் தடவை வீணாகிப் போனது. நான் வழக்கம்போல விடிகாலை பையை மாற்றிவிட்டுக் கூட்டிப் போய்விட்டேன், அங்கேயும் ஒருவரும் கேட்கவில்லை. ரிசல்ட் பார்க்கும்போதுதான் டாக்டர் விசாரித்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார்.

பிடி_நர்ஸ்:
இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. சவ்வு எவ்வளவு வேகமாகக் கழிவை வெளியே விடுகிறது, எவ்வளவு வேகமாகப் பையில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. 4 மணி நேரம் கழித்துத் திரவத்தில் இருக்கிற கிரியேட்டினின் என்ற கழிவை ரத்தத்தில் இருப்பதால் வகுப்போம். ரத்தத்தில் 8, திரவத்தில் 6 என்றால் 0.75. 0.81-க்கு மேல் போனால் வேகமான சவ்வு, 0.5-க்குக் கீழே மெதுவான சவ்வு, பலர் நடுவில்தான் இருப்பார்கள். 1987-இல் அமெரிக்காவில் ட்வார்டோவ்ஸ்கி வகுத்த முறை இது.

வேகம் என்றதும் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். சர்க்கரைதான் உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது, அது சீக்கிரம் ரத்தத்துக்குப் போய்விட்டால் இழுக்க ஆள் இல்லை, வந்த நீரும் மெல்லத் திரும்பிப் போய்விடும். அவர்களுக்குப் பை குறைந்த நேரம் இருந்தால் போதும், இரவில் மெஷின் வைத்து அடிக்கடி மாற்றுவது ஒத்துவரும். மெதுவான சவ்வுக்கு நேர் எதிர், நீர் நன்றாக வரும், கழிவு வர நேரம் பிடிக்கும், அதனால் நீண்ட நேரம் வைக்க வேண்டும். டயாலிசிஸை மாற்றுவதற்காக இந்த டெஸ்ட் இல்லை, பை எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான். தொடங்கி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் செய்வோம், வயிற்றில் இன்ஃபெக்‌ஷன் வந்திருந்தால் அது ஆறி ஒரு மாதம் போக வேண்டும். ஆறு வாரம் சரியான நேரம்.

அப்பாவுக்காக:
என் அப்பாவுக்கு 0.86 வந்தது. அதற்கு முன்னால் கால் வீங்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி போட்ட 2000 மில்லி காலையில் 1800தான் வரும். திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் அவரைத் திட்டினோம், சொம்பைக்கூட எடுத்து ஒளித்து வைத்தோம். டெஸ்டுக்குப் பிறகுதான் ராத்திரி பத்து மணி நேரம் கிடந்த அந்தப் பைதான் காரணம் என்று தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ராத்திரிக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் பை (சர்க்கரைக்குப் பதில், ரத்தத்துக்கு மெதுவாகப் போகிற ஒரு மாவுச்சத்து) கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. அந்தப் பை போட்டால் சில வகை குளுக்கோமீட்டரில் சர்க்கரை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி இன்சுலின் கூட்டினால் ஆபத்து. உங்கள் மீட்டர் ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனி_மகன்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இப்போதுதான் இரண்டு இட்லி சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு, அன்றைக்கு இன்சுலின் போடலாமா?

பிடி_நர்ஸ்:
நீங்களாக நிறுத்தாதீர்கள், எத்தனை யூனிட், காலையில் என்ன சாப்பிடலாம் என்று உங்கள் டாக்டரிடம் நாளைக்கே கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தால் நீர் குறைவாக வந்து கணக்கும் தப்பாகிவிடும். தினமும் எவ்வளவு ஏற்றினீர்கள், எவ்வளவு வடிந்தது என்று எழுதுகிற நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.